வைக்கோல் புகையும் நம் கடைவாசல் புகையும்



ஜி.எஸ்.டி., உரிமம், எடைக்கல் முத்திரை என்று நம் ஏட்டில் எழுத எத்தனையோ இருக்க, காற்றைப் பற்றி எழுத வந்துவிட்டாரே இவர் என்று சிலர் நினைக்கலாம். காற்று நாம் கொள்முதல் செய்யும் சரக்கு அல்ல. எடை போட்டு விற்கும் சரக்கும் அல்ல. ஆனால் விடியற்காலை 5 மணிக்குக் கதவைத் திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டும் வரை சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம். ஊரில் வேறு யாரைவிடவும் அதிக நேரம் தெருக்காற்றைக் குடிப்பவர் மளிகைக் கடைக்காரரே என்பதை மறுப்பதற்கில்லை. நாம் பீடி, சிகரெட் தொட்டவர்கள் அல்லர். ஆயினும் நான்கு ஆண்டுகளாகச் சட்டைப் பையில் மூச்சிழுக்கும் மருந்தை வைத்துக்கொண்டுதான் கல்லாவில் உட்காருகிறோம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே, "என்ன தொழில், எங்கே உட்காருகிறீர்கள்?" என்பதுதான். ஏன் எழுதுகிறோம் என்பதற்கு இதுவே போதும் என்று நினைக்கிறோம்.

வெளியூர் அன்பர்களுக்கு எளாவூரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்பாக, சென்னை - கூடூர் ரயில் பாதையையும் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையையும் ஒட்டிய சிற்றூர் இது. லாரி ஓட்டுநர்களிடம் எளாவூர் என்றால் சோதனைச்சாவடி என்பார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்படும் வரையில் இங்கே லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றதும், சிலர் என்ஜினைக்கூட அணைக்காமல் புகை விட்டுக்கொண்டிருந்ததும் நம்மில் யாருக்கு மறக்கும்? கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அதுதான். மேற்கே நெல் வயல்கள். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. நம் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வருகிறார்கள், மீதிப்பேர் வயல்காட்டு ஊர்களிலிருந்து. ஒருவர் தமிழில் துவரம்பருப்பு கேட்பார், அடுத்தவர் தெலுங்கில் கந்திப்பப்பு கேட்பார்.

கிராமத்துக் காற்று நல்ல காற்று, பட்டணத்துக் காற்றுதான் கெட்டது என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பேச்சு முழுக்க உண்மை. வடகிழக்குப் பருவமழை காற்றைக் கழுவிவிடுகிறது. மழை விட்ட மறுநாள் கிடங்கின் தார்ப்பாயைத் தடவினால் விரலில் தூசி ஒட்டாது. மழை போய், மார்கழிப் பிற்பாதி தொடங்கி மாசி வரைதான் சிக்கல். வானம் தெளிந்துவிடுகிறது. மேகப் போர்வை இல்லாத இரவில் தரை சீக்கிரமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே சற்றே சூடான காற்று, பருப்புச் சட்டிக்குத் தட்டு போட்டதுபோல் நிற்கிறது. மற்ற நாளில் தரைக்காற்று சூடாகி மேலே ஏறும். புகையும் அதோடு ஏறிக் கலைந்துபோகும். இந்த மாதங்களின் விடியற்காலையில் கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்று தலைகீழாக இருப்பதால் புகைக்கு ஏற வழியில்லை. காற்றும் அசைவதில்லை. வெயில் ஏறித் தரை சூடான பிறகு, 8 மணி 9 மணிக்குத்தான் தட்டு விலகும். நண்பகலுக்குமேல் கடல்காற்று வந்து மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு போகும்.

இதில் ஏரியின் பங்கும் உண்டு. ஏரியிலிருந்து வரும் ஈரம் புகையின் நுண்ணிய துகள்மேல் படிந்து பனித்துளி ஆகிறது. அதனால்தான் புகை இருக்கும் இடத்தில் பனியும் கெட்டியாக நிற்கிறது. நாம் பனி என்று சொல்லிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதில் பாதி புகை.

கோடையில் வேறு மாதிரி. ஏரியின் ஆழமில்லாத பகுதிகள் காய்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து தூசி வரும். மேற்கும் தென்மேற்கும் சேர்ந்து அடிக்கும் காற்றைக் கச்சான் என்பார்கள் மீன்பிடிப்போர். அது வீசும் சில இரவுகளில் சிப்காட் பக்கத்து வாடை நம் மொட்டை மாடி வரைக்கும் வரும். ஆலைகளின் புகையைப் பற்றிப் பேசுவதற்கு வாரியமும் நீதிமன்றங்களும் இருக்கின்றன. பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், இன்னும் உரக்கப் பேச வேண்டும். இந்தக் கட்டுரையில் நம் பங்கைச் சொல்வதால் அவர்களை விட்டுவிட்டோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பனியையும் காற்றையும் நாம் மாற்ற முடியாது. தட்டு மூடியிருக்கும் நேரத்தில் சட்டிக்குள் எதைப் போடுகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

சட்டிக்குள் விழுவதில் முதலாவது வைக்கோல். 1983-இல் நாம் இங்கே முதல் கடை வைத்தபோது தையில் சம்பா அறுப்பு என்றால் அது ஒரு மாத வேலை. ஆட்கள் அரிவாளால் அடியோடு அறுப்பார்கள். களத்தில் அடித்து, மாடு விட்டு மிதித்து, வைக்கோலைப் போர் போடுவார்கள். ஒரு தாள் வீணாகாது. மாட்டுக்கு, கூரைக்கு, நெல் மூட்டைக்கு அடியில் விரிக்க என்று எல்லாவற்றிற்கும் வைக்கோல். நம் வியாபாரத்திலும் அது இருந்தது என்பதை இளைய வணிகர்கள் நம்பமாட்டார்கள். முட்டைக் கூடையில் வைக்கோல், கண்ணாடிச் சிம்னிப் பெட்டியில் வைக்கோல், பீங்கான் சாடியைச் சுற்றி வைக்கோல், மாம்பழக் கூடையில் வைக்கோல். பெட்டியைப் பிரித்தவுடன் வைக்கோலை உதறி ஓரமாக வைத்தால் மாலைக்குள் யாராவது மாட்டுக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார். இன்று அதே பெட்டிகளில் தெர்மாகோல் வருகிறது. அதை எந்த மாடும் தின்னாது. விவசாயி வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறார், நாம் கடைக்குப் பின்னால் தெர்மாகோலைக் கொளுத்துகிறோம்.

இப்போது அறுப்பு மெஷின் வருகிறது. ஏக்கர் ஒன்று ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் மெஷின் இல்லாமல் முடியாது. அதைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் மெஷின் தரையோடு அறுப்பதில்லை. முக்கால் அடி, ஒரு அடித் தாளை விட்டுவிட்டு மேலே அறுத்து, வைக்கோலைச் சிதைத்து வரிசையாகப் பின்னால் கொட்டிவிட்டுப் போகிறது. உழவுக்கு டிராக்டர் வந்தபின் வீட்டுக்கு வீடு இருந்த உழவுமாடுகள் போய்விட்டன; ஆகவே தின்பதற்கும் மாடு இல்லை. கூட்டி அள்ளக் கூலி, ஏற்ற வண்டி வாடகை என்று பார்த்தால் வைக்கோலின் விலையைவிடச் செலவு அதிகம். அடுத்து நவரைக்கு நாற்று விட வேண்டும், நாள் இல்லை. ஒரு தீக்குச்சிதான் மலிவு.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் நம் திருவள்ளூர் மாவட்டத்தையும் முழுகடித்தது. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. அறுப்பு தள்ளிப்போயிற்று. நனைந்து கறுத்த வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நவரை நட நாள் கடந்துகொண்டிருந்தது. ஆக 2024 தைக் கடைசியில் நம் ஊரைச் சுற்றி எரித்ததுபோல் அதற்குமுன் எரித்து நாம் பார்த்ததில்லை. சாயங்காலம் வயலில் வைத்த நெருப்பு இரவெல்லாம் கனன்றது.

அப்படி ஒரு விடியற்காலை, ஐந்தரை மணிக்கு, ஆரம்பாக்கம் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு நம் சிறிய வண்டி கிளம்பிற்று. பச்சரிசி, உளுந்து, எண்ணெய் டின்கள். ஓட்டியவன் இருபத்திரண்டு வயதுப் பையன், நம்மிடம் மூன்று ஆண்டுகளாக வேலை பார்ப்பவன், வேகம் போகிறவன் அல்லன். கடைத்தெருவைத் தாண்டி அரைக் கல் போவதற்குள் வெள்ளையாக ஒரு சுவர் என்கிறான். சாலையோரம் பின்விளக்கு இல்லாமல் நின்ற ஒரு லாரி அந்தச் சுவருக்குள் இருந்தது. பையனுடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பி வைத்தார்கள். எட்டு மாதம் படுக்கையும் ஊன்றுகோலும். சரக்குப் போனது பெரிதல்ல. அவன் அம்மா மருத்துவமனை வராந்தாவில் நம்மைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

நாம் கோபத்தோடு நேரே அந்த வயல்காரரிடம் போனோம். நம்மிடம் பதினைந்து ஆண்டுகளாகப் பற்று வைத்து வாங்குபவர், அறுப்புக்கு அறுப்பு கணக்கை அடைப்பவர். சத்தம் போட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, "நான் இன்னா பண்றது அண்ணாச்சி? மெஷின்காரன் போய்ட்டான். வைக்கோல் கறுத்துப்போச்சு, எவனும் எடுக்கமாட்டேன்றான். நவரை போடலேன்னா உங்க பற்றை எதுல அடைக்கிறது?" என்றார். அதற்கும் பதில் வைத்திருந்தோம். அவர் அடுத்துச் சொன்னதற்குத்தான் பதில் இல்லை. "உங்க குடோனுக்குப் பின்னால டெய்லி ராத்திரி எரியுதே, அது மட்டும் சாம்பிராணியா?"

உண்மைதான். அட்டைப் பெட்டி, கிழிந்த பாலித்தீன் சாக்கு, பிளாஸ்டிக் கயிறு, தெர்மாகோல், எண்ணெய் ஒட்டிய காகிதம். இவற்றைக் கூட்டி இரவு கடை சாத்தியதும் பின்பக்கம் கொளுத்துவது என்பது நாம் கடை வைத்த நாளிலிருந்து உள்ள பழக்கம். கொளுத்தச் சொன்னதும் நாம்தான். அன்று இரவும் எரிந்தது. நம் கிடங்கு சாலைக்கும் அந்த வயலுக்கும் நடுவில் இருக்கிறது. பையன் மோதிய இடத்தில் நின்ற புகையில் வயல் புகை எவ்வளவு, கிடங்குப் புகை எவ்வளவு என்று பிரித்துப் பேரேட்டில் எழுத எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது. அதன் பிறகு ஒரு வாரம் இரவு 10 மணிக்குக் கடைத்தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து பார்த்தோம். எரியாத கடைவாசல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெயர் சொல்லவில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வைக்கோல் புகையும் இந்தக் குப்பைப் புகையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டிலும் மிக நுண்ணிய துகள்கள் உண்டு. பி.எம். 2.5 என்று சொல்லப்படுபவை தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு முடியில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும், இரத்தத்திலும் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் 2009-இல் வரம்பு வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவோ 15. குப்பைப் புகையில் இதற்கு மேலும் ஒரு கெடுதல் இருக்கிறது. பி.வி.சி. கலந்த பிளாஸ்டிக்கைக் குறைந்த நெருப்பில் கனல விட்டால் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். வயல்காரர் ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை எரிக்கிறார். நாம் ஆண்டுக்கு முந்நூற்றுச் சொச்சம் இரவு எரிக்கிறோம், அதுவும் குழந்தைகள் தூங்கும் வீடுகளுக்கு நடுவில். வெளிக்காற்று மாசினால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 42 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறந்திருக்கிறார்கள் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. அதில் எத்தனை பேர் கடைக்காரர்கள் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஏரிக்கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் ஓர் அம்மாள் சென்ற ஆண்டு நம்மிடம் சொன்னார்: "மணல்ல காயப்போட்டா காலையில கறுப்புப் பொட்டு பொட்டா சாம்பல் உக்காந்திருக்குது அண்ணாச்சி. கழுவினா மறுபடியும் ஈரம். கழுவலேன்னா வியாபாரி விலையைக் குறைக்கிறான்." விலையைக் குறைக்கும் வியாபாரியும் நம்மில் ஒருவர்தானே!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவிட்டது. வைக்கோல் எரிப்பதை அதற்கு முந்தைய ஆண்டே பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், டில்லி ஆகியவற்றில் அதே தீர்ப்பாயம் தடை செய்தது. ஆயினும் 2019 நவம்பரில் டில்லியில் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்துப் பள்ளிகளை மூட நேர்ந்தது. டில்லிப் புகை முழுவதும் வைக்கோல் புகை அல்ல. வாகனமும் ஆலையும் கட்டட வேலையும் சேர்ந்ததுதான். என்றாலும் ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சாப் வயல்களின் பங்கு பெரிது.

பஞ்சாபில் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அங்கும் கதை அவசரத்தில்தான் தொடங்குகிறது. நிலத்தடி நீர் வற்றுகிறதென்று 2009-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள்: வெயில் உச்சத்தில் நாற்று நடக்கூடாது, ஜூன் மாதம் குறித்த தேதிக்குப் பிறகே நட வேண்டும் என்று. தண்ணீருக்கு நல்ல சட்டம். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுப்பும் தள்ளிப்போயிற்று. அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவில் இருந்த நாட்கள் சுருங்கின. எரிப்பு முழுவதும் காற்று அசையாத குளிர்காலத் தொடக்கத்தில் போய் விழுந்தது. அங்கே சட்டத்தால் வந்த அவசரம் நமக்கு மிக்ஜாமால் வந்தது. கடல் பக்கத்தில் இருப்பதால் பகலில் கடல்காற்று வந்து நம்மைக் காப்பாற்றுகிறது. டில்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் நம் ஊர்ப் புகை செய்தித்தாளில் வருவதில்லை. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று பெரிய ஊர்கள்தாம் சேர்ந்தன. பக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் காற்றை அளக்கும் நிலையம் உண்டு, அது தொழிற்பேட்டையை முன்னிட்டு வந்தது. எளாவூர் போன்ற கடைத்தெருவில் விடியற்காலை 5 மணிக்குக் காற்று எப்படி இருக்கிறது என்பதற்கு நம் மூக்கும் நம் நெஞ்சும்தான் கருவி.

அபராதத்தால் மட்டும் வைக்கோல் நெருப்பு அணையாது என்பதற்குப் பஞ்சாபே சாட்சி. வைக்கோலுக்கு விலை இருந்தால் எவரும் எரிக்கமாட்டார். விலை இல்லாத சரக்குக்கு விலை உண்டாக்குவது யாருடைய தொழில்? நம்முடையது அல்லவா? அந்தப் பையன் ஊன்றுகோலோடு கடைக்கு வந்து உட்கார்ந்த நாட்களில் இந்த எண்ணம் வந்தது. வைக்கோலை உருட்டி ரோல் கட்டும் மெஷின் இருக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டுவது. அதன் சொந்தக்காரர் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கருக்காக அத்தனை தூரம் வரமாட்டார். தொடர்ந்து வேலை இருக்கிறது, முன்பணமும் இருக்கிறது என்றால் வருவார். விவசாயி கையில் அறுப்புச் சமயத்தில் முன்பணம் இருக்காது. மளிகைக்குப் பற்று கொடுக்கிற நாம், மெஷினுக்குப் பற்று கொடுத்தால் என்ன?

2025 தையில் கடைத்தெருவில் ஆறு பேர் சேர்ந்து முன்பணம் போட்டோம். நம் பற்று நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் யார் யாருக்கு எந்த வாரம் அறுப்பு என்பது தெரிந்துவிட்டது. விவசாய அலுவலகத்தில்கூட அத்தனை துல்லியமான பட்டியல் கிடைக்குமா என்பது சந்தேகம்! அடுத்தடுத்த வயல்களாக நாற்பது ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய ஒப்புக்கொண்டார்கள். ஏக்கருக்கு முப்பது, முப்பத்தைந்து ரோல் வந்தது. செங்குன்றம், மாதவரம் பக்கத்து மாட்டுக்கொட்டகைக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். அரிசி ஏற்றிவரச் செங்குன்றத்துக்குக் காலியாகப் போகும் நம் லாரிகளிலேயே ரோலை ஏற்றி அனுப்பியதால் வாடகையும் குறைந்தது. கட்டும் கூலி போக விவசாயியின் கையில் ஏதோ நின்றது. பெரிய தொகை என்று சொல்லமாட்டோம், வைக்கோல் போன பிறகு வயலைச் சேறடிக்க ஆகும் டீசலுக்குச் சரியாக இருந்தது என்றார் ஒருவர். போட்ட முன்பணம் நமக்குத் திரும்ப வந்துவிட்டது. லாபம் இல்லை. ஒரு தார்ப்பாய் கிழிந்தது நஷ்டம்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. பள்ளமான இரண்டு வயல்களில் ஈரம் காயாமல் மெஷின் இறங்க மறுத்துவிட்டது. அந்த வைக்கோலை அப்படியே மடக்கி உழுதால் தழைச்சத்து மண்ணிலேயே தங்கும். எரித்தால் அது பெரும்பாலும் புகையோடு போய்விடும், சாம்பல்சத்துதான் மிஞ்சும். இதைச் சொன்னோம். ஒருவர் உழுதார், மற்றவர் எரித்தார். ரோல் கட்டிய வயல்களிலும் அடித்தாள் நின்றது. அதை எரிப்பவர் இன்னும் உண்டு. ஆனால் தாள் மட்டும் எரியும் புகைக்கும், வைக்கோலும் சேர்ந்து இரவெல்லாம் கனலும் புகைக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அந்தத் தையில் விடியற்காலை கதவு திறந்தவர்கள் அறிவார்கள்.

கடைக்குப்பையின் கணக்கு இதைவிட எளிது, சொல்ல வெட்கமும் கூட. அட்டைப் பெட்டியை நனையாமல் தட்டையாக மடித்து அடுக்கி வைத்தால் பழைய பேப்பர்காரர் காசு கொடுத்து எடுத்துப்போகிறார். நம் கிடங்கில் ஒரு மாதத்து அட்டைக்குக் கிடைத்த பணத்தில் பின்பக்கம் கூட்டும் அம்மாளின் சம்பளத்தில் பாதி தேறிற்று. நாற்பது ஆண்டு எரித்த பெட்டிகளை நினைத்துப் பார்த்தால் தூக்கம் வராது. பாலித்தீன் சாக்கைக் கிழிக்காமல் தையலைப் பிரித்தெடுத்தால் அதற்கும் ஆள் இருக்கிறது. தெர்மாகோலைத்தான் யாரும் சீந்துவதில்லை. அதை அனுப்பும் கம்பெனிகளின் விநியோகஸ்தர்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தின் மூலம் கேட்க வேண்டும். ஒரு கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைத் தடை வந்தபோது நம் கடைகளில் வந்து பையைப் பறிமுதல் செய்தார்கள், அபராதம் போட்டார்கள்; அவற்றைத் தயாரித்தவரை யாரும் கேட்கவில்லை என்று அன்று நாம் குறைப்பட்டோம். அது நியாயமான குறைதான். அதே நியாயத்தைத் தெர்மாகோலுக்கும் கேட்போம்.

போகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழிக் கடைசி நாள், தட்டு மூடியிருக்கும் காலத்தின் நடுவில், பொழுது விடிவதற்கு முன் பழையதை எரிப்பது என்பது எந்தக் காலத்துப் பழக்கமோ. பாயும் துடைப்பமும் எரிந்தவரை பெரிதாக ஒன்றுமில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பிறகு 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகையால் விமானங்கள் இறங்க முடியாமல் போயிற்று. நம் கடைகளில் பழைய டயரை அன்றைக்கென்று எடுத்து வைத்துப் பையன்களுக்குக் கொடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதை மட்டுமாவது நிறுத்தலாம்.

நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று ஊர்க் கடைத்தெருவும் சேர்ந்து அறுப்புக்கு முன்பே ரோல் மெஷினுக்கு முன்பணம் போடுவது பற்றியும், இரவு எரிப்பை நிறுத்திப் பழைய பேப்பர்காரரை முறை வைத்து வரச்சொல்வது பற்றியும் எடுத்து வைக்க இருக்கிறோம். நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும். சாலையோரம் விளக்கில்லாமல் லாரி நிறுத்துவதைப் பற்றிக் காவல் துறைக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புவோர் கடைக்கு வரலாம்.

அந்தப் பையன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. கடையில் உட்கார்ந்து பில் போடுகிறான், கணக்கில் கெட்டிக்காரன். கிடங்குப் படி ஏறும்போது கால் பிடித்துக்கொள்கிறது என்கிறான். மார்கழி பாதி முதல் மாசி முடிய 7 மணிக்கு முன் நம் வண்டி எதுவும் கிளம்புவதில்லை என்று வைத்திருக்கிறோம். காலைச் சரக்கு தாமதமாக வருகிறதென்று சுண்ணாம்புக்குளத்துக் கடைக்காரர் ஒருவர் இரண்டு ஆண்டாக நம்மிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.